தூங்குவது வேறு, வலிக்காமல் இருப்பது வேறு: எண்டாஸ்கோபி மயக்கத்தைப் பற்றி

எண்டாஸ்கோபி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. "மயக்கம் கொடுத்துத்தானே டாக்டர் செய்வீங்க?" என்பதுதான் அது. கொடுப்போம் என்றால் ஒரு பயம். கொடுக்க மாட்டோம் என்றால் வேறொரு பயம். இரண்டில் ஒரு பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கையில் போடும் அந்த ஊசியால் மூன்று காரியங்கள் நடக்கலாம். வலி குறையலாம், தூக்கம் வரலாம், நடந்தது மறந்துபோகலாம். இவை மூன்றும் ஒன்றல்ல. ஒன்றுக்கு நல்ல மருந்து இன்னொன்றுக்கு உதவாமல் போவதும் உண்டு. எந்தப் பரிசோதனைக்கு இவற்றில் எது தேவை, அதற்காக எந்த ஆபத்தை ஏற்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு அந்தக் கட்டிலில் படுப்பவர்கள் மிகக் குறைவு. அது மாற வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். குடலின் உட்சுவரில் கத்தி பட்டாலும் வலிக்காது. பயாப்சிக்காகச் சிறு இடுக்கியால் சதையைக் கிள்ளி எடுக்கும்போதும், பெருங்குடலில் வளர்ந்திருக்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியைக் கம்பிச் சுருக்கு மாட்டி அறுக்கும்போதும் நோயாளிக்கு ஒன்றும் தெரிவதில்லை. தோலில் இருப்பது போன்ற உணர்வு குடலுக்குக் கிடையாது. அது உணர்வது வேறு: இழுபடுவது, உப்புவது, அழற்சி, ரத்த ஓட்டம் குறைவது. எண்டாஸ்கோபியில் வரும் வேதனை பெரும்பாலும் முதல் இரண்டிலிருந்து வருகிறது.

மேல் எண்டாஸ்கோபி, அதாவது வாய் வழியாக இரைப்பைக்கும் சிறுகுடலின் தொடக்கத்துக்கும் குழாய் விட்டுப் பார்ப்பது, உண்மையில் வலிக்கும் பரிசோதனை அல்ல. அதில் கஷ்டம் தொண்டையில் இருக்கிறது. ஏறத்தாழ 9, 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டதும் உடல் தானாக ஓங்கரிக்கிறது. அன்னியப் பொருள் மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது என்பதற்காக உடலே வைத்திருக்கும் காவல் அது. கண்ணில் நீர் வரும், எச்சில் ஒழுகும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். முட்டுவதுபோல் இருக்குமே தவிர, குழாய் போவது உணவுக்குழாயில். மூச்சுக்குழாய் திறந்தேதான் இருக்கிறது. தொண்டையைத் தாண்டிவிட்டால் மிச்சம் இருப்பது வயிறு உப்புவதும் ஏப்பம் வருவதும்தான். சாதாரணப் பரிசோதனை ஐந்து முதல் பத்து நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின் கதை வேறு. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதில் இடுப்புக்குள் வளைந்து கிடக்கும் சிக்மாய்டு என்ற பகுதி எங்கும் ஒட்டாமல் தளர்வாகத் தொங்குகிறது. குழாயை முன்னே தள்ளும்போது நுனி நகராமல் நடுப்பகுதி மட்டும் வளையமாகப் புடைத்துக்கொண்டு, குடலைத் தாங்கும் சவ்வை இழுத்துவிடும். நோயாளி முகம் சுளிப்பது அநேகமாக அந்த நொடியில்தான். அனுபவமுள்ள மருத்துவர் அங்கே மேலும் தள்ளமாட்டார். குழாயைப் பின்னுக்கு இழுத்து, முறுக்கி, வளையத்தை நேராக்கிவிட்டுத் தொடர்வார். உதவியாளர் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்துவதும் அந்த வளையம் விழாமல் தடுக்கத்தான். மெலிந்த உடல்வாகு உள்ள பெண்களுக்கும் கர்ப்பப்பை அகற்றியவர்களுக்கும் இந்த வலி கூடுதலாக இருக்கும் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

அதனால், எந்த ஊசி போடுகிறார்கள் என்பதைவிடக் குழாயைப் பிடித்திருக்கும் கை எப்படிப்பட்டது என்பதே கொலோனோஸ்கோபியில் வலியை அதிகம் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு. குடலை விரித்துப் பார்க்க உள்ளே காற்று செலுத்துவார்கள். சாதாரணக் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்; அது குடலில் மெதுவாகவே உறிஞ்சப்படுவதால் பரிசோதனை முடிந்து மணிக்கணக்கில் வயிறு உப்பி வலிக்கும். அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் அது விரைவாக ரத்தத்தில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடுகிறது. காற்றே இல்லாமல் தண்ணீரை ஊற்றிக் குடலை விரித்துக்கொண்டு போகும் முறையும் இருக்கிறது. இரண்டும் வலியைக் குறைப்பதாகச் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மருந்தே இல்லாத வலி நிவாரணம் இது. ஆனால் "மயக்கம் உண்டா?" என்று கேட்பவர்களில் "என்ன வாயு பயன்படுத்துவீர்கள்?" என்று கேட்பவர் அநேகமாக யாருமில்லை. குடல் சுருங்கி இறுகும்போது தளர்த்துவதற்குப் போடும் ஹயோசின் ஊசி (பஸ்கோபான் என்ற பெயரில் பலருக்குத் தெரியும்) ஒருவகையில் இந்த வரிசையில் சேரும். நெஞ்சுத் துடிப்பை அது கூட்டும் என்பதால் இதயநோய் உள்ளவர்களுக்கு யோசித்தே போடுவார்கள்.

கை பிடித்தவரும் ஊசி போட்டவரும்

இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் முயற்சி 1868-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மாவுல் என்ற மருத்துவரால் தொடங்கியது. அவர் தேர்ந்தெடுத்த ஆள் வாள் விழுங்கும் வித்தைக்காரர். வளையாத நேர்க்குழாயை அப்படிப்பட்டவரால்தான் தாங்க முடிந்தது. 1932-இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் என்ற ஜெர்மன் மருத்துவர், கருவி செய்யும் கியோர்க் வோல்ஃபுடன் சேர்ந்து ஓரளவு வளையும் குழாயைக் கொண்டுவந்த பிறகே இது சாதாரண நோயாளிகளுக்குச் செய்யக்கூடிய பரிசோதனையானது. அவருடைய மனைவி கேப்ரியேல் ஷிண்ட்லர் நோயாளியின் தலையைத் தன் கைகளில் பிடித்துக்கொண்டு, பேசி அமைதிப்படுத்தி, குழாய் போகத் தோதாகத் தலையைச் சாய்த்துக் கொடுப்பார். ஷிண்ட்லரின் பரிசோதனைகள் பாதுகாப்பாக நடந்ததில் அந்தக் கைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாஜி ஆட்சியில் ஷிண்ட்லர் சிறைப்பட்டு, பிறகு 1934-இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபோதும் இருவரும் இதே வேலையைத் தொடர்ந்தார்கள். 1957-இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் முழுக்க வளையும் கண்ணாடியிழைக் குழாயை உருவாக்கி, முதலில் தானே விழுங்கிப் பார்த்தார்.

குழாய் வளையத் தொடங்கியதும் பரிசோதனை பெருகியது. பெருகியதும் மருந்து தேவைப்பட்டது. 1960-களில் டயசெபாம் வந்தது. பதற்றத்தைத் தணிப்பதில் நல்ல மருந்துதான், ஆனால் தண்ணீரில் கரையாது. அதைக் கரைக்கச் சேர்த்த திரவம் ஊசி ஏறும் ரத்தநாளத்தைப் புண்ணாக்கியது. அதற்கு மாற்றாக 1980-களில் தண்ணீரில் கரையும் மிடசோலாம் வந்தபோது எல்லாரும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒரு பிழை நேர்ந்தது. மிடசோலாம் டயசெபாமைவிட இரண்டு மூன்று மடங்கு வலிமையானது என்பது சரியாக உறைக்காமல் அமெரிக்காவில் பழைய பழக்கத்தில் ஊசி போட்டார்கள். மூச்சு நின்று பலர் இறந்தனர். மருந்துக் குறிப்பில் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது, ஆரம்ப அளவு குறைக்கப்பட்டது, நீர்த்த கரைசல் விற்பனைக்கு வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு முகமை இதே மருந்தின் அடர்த்தியான குப்பிகளை எண்டாஸ்கோபி அறைகளிலிருந்து விலக்கி வைக்கும்படி அறிவுறுத்த வேண்டியிருந்தது. கற்ற பாடம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேர இவ்வளவு காலம்.

மிடசோலாமின் இன்னொரு குணம்தான் இங்கே முக்கியம். அது மறக்கடிக்கும். ஊசி போட்டபின் நடப்பவை நினைவில் பதியாது. நோயாளி கண் விழித்திருப்பார், "இடது பக்கம் திரும்புங்க" என்றால் திரும்புவார், வலித்தால் முனகுவார், "போதும்" என்றுகூடச் சொல்வார். அரை மணி நேரம் கழித்துக் கேட்டால், "எதுவுமே தெரியலைங்க, தூங்கிட்டேன்" என்பார். ஆனால் மிடசோலாம் வலி நிவாரணி இல்லை. வலி இருந்தது; பதிவுதான் இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கனடாவின் டொரான்டோவில் மருத்துவர் டொனால்ட் ரெடெல்மெயரும் உளவியலாளர் டேனியல் கானமனும் கொலோனோஸ்கோபி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகள் இதோடு தொடர்புடையவை. நிமிடத்துக்கு ஒருமுறை அப்போதைய வலியைக் கேட்டுப் பதிந்துகொண்டு, பிறகு மொத்த அனுபவத்தையும் மதிப்பிடச் சொன்னார்கள். மொத்தம் எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் கணக்கில் வரவேயில்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசியில் எவ்வளவு வலித்தது என்ற இரண்டுமே நினைவைத் தீர்மானித்தன. 2003-இல் வெளியான அடுத்த ஆய்வில் 682 நோயாளிகள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பாதிக்குப் பரிசோதனை முடிந்ததும் குழாயை உடனே எடுக்காமல், நுனியை மலக்குடலில் அசைக்காமல் சற்று நேரம் வைத்திருந்தார்கள். அசௌகரியம் கூடுதல் நேரம் நீடித்தது. ஆனால் முடிவு மென்மையாக இருந்ததால் அவர்கள் நினைவில் வலி குறைவாக இருந்தது.

நினைவைக் கையாள முடியும் என்பதை இது காட்டுகிறது. அதை வைத்து "மறந்துவிட்டால் சரி" என்று முடிவு கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. முனகிய நேரத்தில் அந்த மனிதர் உண்மையாகவே துன்பப்பட்டிருக்கிறார்; மறுநாள் நினைவில்லை என்பது அந்தத் துன்பத்தை இல்லாமல் ஆக்கிவிடாது. பிரிட்டனில் கொலோனோஸ்கோபியின்போது நோயாளியின் சௌகரியத்தைச் செவிலியர் பார்த்து மதிப்பெண் போட்டுப் பதிவு செய்கிறார். ஒவ்வொரு மருத்துவரின் தரத்தைக் கணக்கிடும்போதும் அந்த மதிப்பெண் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. நோயாளியால் பிறகு சாட்சி சொல்ல முடியாத வலிக்கு அறையில் இருக்கும் இன்னொருவர் சாட்சி. இங்கேயும் வர வேண்டிய பழக்கம் இது.

வலிக்கு உண்மையான மருந்து ஓபியாய்டு வகை, அதாவது அபினைப் போல வேலை செய்யும் வலி நிவாரணிகள். பெல்ஜியத்தின் பால் ஜான்சன் 1960-இல் உருவாக்கிய ஃபென்டனில் இன்று அதிகம் பயன்படுவது. ஓரிரு நிமிடத்தில் வேலை செய்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். நம் ஊர் மருத்துவமனைகளில் இதே வகையைச் சேர்ந்த பென்டசோசின் நீண்ட காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கொலோனோஸ்கோபிக்கு மிடசோலாமும் ஃபென்டனிலும் சேர்த்துக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சேர்க்கும்போது இரண்டும் மூச்சை அடக்குவதில் ஒன்றுக்கொன்று துணைபோகின்றன. தனித்தனியாக இருக்கும் ஆபத்துகளின் கூட்டலைவிட அது பெரிது. அதனால் கொஞ்சம் கொடுத்து, இரண்டு நிமிடம் பொறுத்து, பார்த்து, மறுபடி கொடுப்பதுதான் முறை. வயதானவர்களுக்குப் பாதி அளவோ அதற்கும் குறைவோ போதும். நல்ல வேளையாக இரண்டுக்கும் முறிப்பு மருந்துகள் உண்டு: மிடசோலாமுக்கு ஃப்ளூமசெனில், ஓபியாய்டுக்கு நலோக்சோன். ஆனால் முறிப்பு மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், பழைய மருந்து உடலில் மிச்சம் இருக்கும். விழித்தவர் மறுபடி மயங்கக்கூடும். முறிப்பு கொடுத்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது அதனால்தான்.

வெள்ளை மருந்து

இப்போது பெரிய தனியார் மருத்துவமனைகளில் "தூங்கவச்சுச் செய்றோம்" என்றால் அது பெரும்பாலும் புரோபோஃபால். பால்போல வெள்ளையாக இருக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பேர்ட் கிளென், பிரிட்டனின் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தில் வேலை செய்தபோது 1970-களில் இதைக் கண்டறிந்தார். தண்ணீரில் கரையாத இந்தப் பொருளை முதலில் ஒரு கரைப்பானில் கலந்து மனிதர்களுக்குக் கொடுத்தபோது ஒவ்வாமை போன்ற எதிர்வினைகள் வந்தன. திட்டமே கைவிடப்படும் நிலைக்குப் போனது. பிறகு சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் சேர்த்துக் குழம்பாக்கி மீட்டெடுத்தார்கள். வெள்ளை நிறம் அதனால் வந்ததுதான். 1986-இல் புழக்கத்துக்கு வந்தது. கிளெனுக்கு 2018-இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

ஊசி ஏறி ஒரு நிமிடத்துக்குள் தூக்கம். நிறுத்தினால் ஐந்து பத்து நிமிடத்தில் விழிப்பு. விழிக்கும்போது தலை தெளிவாக இருக்கும், குமட்டல் குறைவு. ஏறும்போது கையில் சுரீரென்று எரியும். பலருக்கு நினைவில் நிற்கும் ஒரே வலி அதுதான். மருத்துவர்களுக்கும் வசதி, நோயாளிக்கும் வசதி. ஆனால் மூன்று விஷயங்களை மறைக்கக் கூடாது. புரோபோஃபாலும் வலி நிவாரணி இல்லை; ஆழ்ந்த தூக்கத்தால் வலி எட்டாமல் போகிறது, அவ்வளவே. ரத்த அழுத்தத்தை இறக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, இதற்கு முறிப்பு மருந்து கிடையாது. அளவு மீறினால் மருந்து தானாக அடங்கும்வரை அந்த நோயாளிக்காக வேறொருவர் மூச்சு கொடுக்க வேண்டும். 2009-இல் மைக்கேல் ஜாக்சன் இறந்தது இந்த மருந்தால். வீட்டில், முறையான கண்காணிப்பு இல்லாமல் கொடுக்கப்பட்டது அது.

மயக்கத்தின் ஆழத்தை மருத்துவர்கள் படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் பதற்றம் மட்டும் தணியும். இரண்டாவதில் கண் சொருகும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். மூன்றாவதில் உலுக்கினாலோ கிள்ளினாலோதான் அசைவு வரும், மூச்சுப்பாதை அடைபடக்கூடும். நான்காவது முழு மயக்கம். மிடசோலாமில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகச் சற்று அவகாசம் இருக்கிறது. புரோபோஃபாலில் இரண்டாம் படியில் நிற்க நினைத்தவர் சில நொடிகளில் நான்காம் படிக்குப் போய்விடலாம். ஒருவருக்குப் போதாத அளவு இன்னொருவருக்கு மிகையாகும், அதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் படியை நோக்கி மருந்து கொடுத்தாலும், அதற்கு அடுத்த படிக்கு நோயாளி போய்விட்டால் மீட்டெடுக்கத் தெரிந்தவர் அறையில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி.

எண்டாஸ்கோபி மயக்கத்தில் ஆபத்து வருவது பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான். 2014 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ், 81 வயதில், நியூயார்க்கில் ஒரு வெளிநோயாளர் மையத்தில் தொண்டைப் பரிசோதனைக்கும் மேல் எண்டாஸ்கோபிக்கும் சென்றார். புரோபோஃபால் கொடுக்கப்பட்டது. நடுவில் ஆக்சிஜன் இறங்கி மூளை பாதிக்கப்பட்டு, செப்டம்பர் 4 அன்று இறந்தார். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிந்துகொண்டிருந்ததை அங்கிருந்தவர்கள் உரிய நேரத்தில் கவனித்துச் செயல்படவில்லை என்று அரசு விசாரணை சொன்னது. வசதியும் புகழும் உள்ளவருக்கு, ஒரு பெருநகரின் மையத்தில் இது நடந்தது. மருந்தைத் தடைசெய்யச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கண்காணிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்காக எழுதுகிறேன்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோம். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் கண்டுபிடித்த தத்துவத்தில் இயங்கும் அந்தச் சிறு கருவி எண்டாஸ்கோபி அறையில் கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஒன்றே போதாது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருக்கும்போது, மூச்சு நின்ற பிறகும் சில நிமிடங்களுக்குத் திரையில் 98, 99 என்றே காட்டும். எண் இறங்கத் தொடங்கும்போது நேரம் கைமீறியிருக்கும். வெளிவிடும் மூச்சில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃப் இதை முன்னதாகவே காட்டிவிடும்: மூச்சு நின்றால் திரையில் அலை உடனே தட்டையாகும். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 முதல் நடுத்தர, ஆழ்ந்த மயக்கங்களுக்கு இதை வலியுறுத்தி வருகிறது. விலையையும் பழக்கமின்மையையும் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடும் மையங்கள் புரோபோஃபால் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது என்பேன்.

யார் கொடுப்பது என்பதில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பயிற்சி பெற்ற செவிலியர், எண்டாஸ்கோபி மருத்துவரின் மேற்பார்வையில் புரோபோஃபால் கொடுக்கிறார். 2009-இல் வெளியான ஒரு பன்னாட்டுத் தொகுப்பில், மயக்கவியல் நிபுணர் இல்லாமல் இப்படிக் கொடுக்கப்பட்ட 6,46,080 பேரில் இறப்பு 4, மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டி வந்தவர்கள் 11. பயிற்சியும் ஆள் தேர்வும் சரியாக இருந்தால் பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்கு இது வலுவான சான்று. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக, மயக்கவியல் நிபுணர் பங்கேற்கும் எண்டாஸ்கோபிகள் 2003-இல் சுமார் 14 சதவீதமாக இருந்து 2009-இல் 30 சதவீதத்தைத் தாண்டின. செலவும் கூடவே ஏறியது. கணினியே புரோபோஃபால் அளவைப் பார்த்துக்கொள்ளும் செடாசிஸ் என்ற எந்திரம் 2013-இல் அங்கே அனுமதி பெற்று, விற்காமல் 2016-இல் நிறுத்தப்பட்டது.

இந்தியாவில் புரோபோஃபால் என்றால் மயக்கவியல் நிபுணர் இருக்க வேண்டும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. அப்படியே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஆனால் எந்த மருந்தாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. குழாயைப் பிடித்திருப்பவரின் கண் திரையில் இருக்கும். அவரால் நோயாளியின் மூச்சையும் சேர்த்துப் பார்க்க முடியாது. மூச்சைப் பார்ப்பதற்கென்றே, வேறு வேலை இல்லாத ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும்.

மயக்கம் இல்லாமலும் முடியும்

தமிழ்நாட்டில் ஏராளமான மேல் எண்டாஸ்கோபிகள் தொண்டையை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே அடித்து, வேறெதுவும் இல்லாமல்தான் நடக்கின்றன. இதை ஏழைகளுக்கான இரண்டாந்தர வைத்தியம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குறுகிய, வலியற்ற பரிசோதனைக்கு மயக்கத்தின் ஆபத்தை ஏற்காமல் இருப்பது மருத்துவ ரீதியாகச் சரியான தேர்வு. முடிந்ததும் எழுந்து நடக்கலாம், டாக்டர் சொல்வது புரியும், துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் வீடு போகலாம். தொண்டை மரத்திருக்கும் ஒரு மணி நேரம் மட்டும் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். 5, 6 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியாக விடும் முறையில் ஓங்கரிப்பு இன்னும் குறைவு. நார்வேயிலும் ஃபின்லாந்திலும் கொலோனோஸ்கோபியைக்கூடப் பலர் மயக்கமின்றிச் செய்துகொள்கிறார்கள். தேவைப்பட்டால் நடுவில் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற உறுதி இருப்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. பிரிட்டனில் நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த வாயுவைத் தேவையானபோது நோயாளி தானே இழுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

சரியல்லாதது எது என்றால், ஸ்ப்ரேயை அடித்துவிட்டு அது வேலை செய்ய நேரம் கொடுக்காமல் குழாயை விடுவது. நோயாளி திமிறினால் ஆள்வைத்துப் பிடிப்பது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பதைக் கெஞ்சலாக இல்லாமல் அதட்டலாகச் சொல்வது. இடது பக்கம் படுத்து, எச்சிலை விழுங்காமல் வெளியே ஒழுக விட்டு, மூக்கால் மெதுவாக மூச்சு விடச் சொல்லி, தோளில் ஒரு கை வைத்திருந்தால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கேப்ரியேல் ஷிண்ட்லர் செய்தது இதைத்தான். அதற்கும் தாங்க முடியாதவர்கள் உண்டு: மிகுந்த பதற்றம் உள்ளவர்கள், முந்தைய அனுபவத்தில் பயந்துபோனவர்கள். அவர்கள் மயக்கம் கேட்டால் அது கோழைத்தனம் ஆகாது. குழந்தைகளுக்கும், பித்தநாளத்தில் கல் எடுப்பதுபோன்ற ஒரு மணி நேரம்வரை நீளும் ஈஆர்சிபி சிகிச்சைக்கும் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கமோ முழு மயக்கமோ தேவைப்படும்.

போவதற்கு முன் சொல்ல வேண்டியவை

வெறும் வயிறு என்பதை நம் வீடுகளில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். பொதுவான விதி: லேசான உணவுக்குப் பின் ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்குப் பின் இரண்டு மணி நேரம். பால் கலந்த காப்பியும் டீயும் தெளிந்த நீரில் சேராது. அவை உணவுக் கணக்கு. "ஒரு வாய் காப்பிதானே" என்று குடித்துவிட்டு மறைத்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். குடித்துவிட்டால் சொல்லிவிடுங்கள், பரிசோதனை சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சர்க்கரைக்கும் எடைக் குறைப்புக்கும் வாராந்திர ஊசியாகப் போடும் செமாக்ளூடைட், டிர்செபடைட் வகை மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆறு மணி நேரம் பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023-இல் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-இல் வேறு சங்கங்களுடன் சேர்ந்து, பலர் மருந்தைத் தொடரலாம், ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள் முந்தைய நாள் திரவ உணவு மட்டும் எடுக்கலாம் என்று தளர்த்தியது. டிர்செபடைட்டின் விற்பனைப் பெயரான மௌன்ஜாரோ 2025-இல் இந்தியாவுக்கு வந்த பிறகு இங்கேயும் இது அன்றாடக் கேள்வி. நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்கள் பட்டினி நாளின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறட்டை விடுபவரா என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டாம். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் உள்ளவருக்கு மயக்கத்தில் தொண்டை எளிதில் அடைபடும். பக்கத்தில் படுப்பவருக்கே இது நன்றாகத் தெரியும் என்பதால் அவரும் கூட வருவது நல்லது. தினமும் மது அருந்துபவருக்கும் தூக்க மாத்திரை எடுப்பவருக்கும் வழக்கமான அளவு மிடசோலாம் போதாமல் போகலாம், சிலர் அமைதியடைவதற்குப் பதில் முரண்டுவார்கள். வீட்டாருக்கு முன் சொல்லக் கூச்சமாக இருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லலாம். ஈரல் சுருக்க நோயில் மிடசோலாம் உடலில் நெடுநேரம் தங்கி மனக்குழப்பத்தை உண்டாக்கும். அவர்களுக்குச் சீக்கிரம் வெளியேறும் புரோபோஃபாலே ஏற்றது. அதே நோயில் ரத்த வாந்தி எடுத்து வருபவருக்கு, ரத்தம் நுரையீரலுக்குள் போகாதபடி முதலில் மூச்சுக்குழாயைக் காத்துவிட்டுத்தான் எண்டாஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தாமதம் ஏன் என்று உறவினர்கள் பதறுவது புரிகிறது, அந்தத் தாமதம் உயிரைக் காப்பதற்கானது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். என்ன மருந்து, யார் கொடுப்பார், யார் பார்த்துக்கொண்டிருப்பார்? மிடசோலாம் போட்டுச் செய்வதாக இருந்தால் இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்: நடுவில் நிறுத்தச் சொன்னால், அந்தச் சொல்லை மயக்கத்தின் உளறலாக எடுத்துக்கொள்ளாமல் நிறுத்துவீர்களா என்று. எத்தனை பேர் காத்திருந்தாலும் இதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

ஊசி போட்டவர் அன்று முழுக்க, அதாவது 24 மணி நேரத்துக்கு, வண்டி ஓட்டக் கூடாது. பைக்கும் இதில் அடக்கம். பத்திரத்தில் கையெழுத்து, பணப் பரிவர்த்தனை, அடுப்படி வேலை, குழந்தையைத் தனியே பார்த்துக்கொள்வது ஆகியவற்றையும் தள்ளிவைக்க வேண்டும். கண் விழித்ததும் டாக்டர் வந்து முடிவுகளைச் சொல்வார், நோயாளியும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். மிடசோலாம் போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி மாலைக்குள் நினைவிலிருந்து போய்விடும். அல்சரா, பயாப்சி எடுத்தார்களா, முடிவு எப்போது வரும், ரத்தம் மெலியும் மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்பவற்றைக் கூட வந்தவர் அருகில் நின்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.